கங்காணியா, பர்னபாவா?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 11:19-26



சில வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் தம் மகளுடன் என்னிடம் வந்தார். மகள் பொறியியல் பட்டம் பெற்று ஓராண்டு ஆகிறது. சென்னையில், பிற நிறுவனங்களுக்கு ஆட்களைத் தேர்ந்துகொடுக்கும் ஓர் அலுவலகத்தில் ஆட்சேர்ப்பு ஆலோசகர் பணி அவளுக்குக் கிடைத்திருந்தது. "ஐயா, நாலு வருஷம் கடன் வாங்கிப் படிக்கவைத்தது ஆள் பிடிக்கிற வேலைக்குத்தானா? நீங்களாவது சொல்லுங்கள்" என்றார் தகப்பனார். நானும் யோசியாமல், "வங்கித் தேர்வு எழுதலாமே அம்மா, இந்தத் தரகு வேலை எதற்கு?" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பிள்ளை பணிவாகத்தான் கேட்டாள்: "ஐயா, வேலை இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாம் ஜெபிக்கிறோமே. அந்த ஜெபம் கேட்கப்படுகிற நாளில் அவர்களை யாராவது ஒருவர் தொலைபேசியில் கூப்பிட வேண்டாமா?"

என்னிடம் பதில் இல்லை. அவர்கள் இருவரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அன்று வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இந்த வாரத் தியானத்தில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்வோம். "ஆள் பிடிக்கிற வேலை" என்ற சொல் நம் நாவில் கசப்பதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் முன்னோரில் எத்தனையோ பேரைக் கூட்டிச்சென்றவர் கங்காணி. பெரும்பாலும் அவர் அந்நியர் அல்லர். அதே ஊர்க்காரர், சில வேளைகளில் சொந்தக்காரர். அந்த நம்பிக்கைதான் அவருடைய முதலீடு. முன்பணம் கொடுத்தார், வழிச்செலவை ஏற்றார், தோட்டத்தை அடைந்தபோது அந்த இரண்டும் தொழிலாளியின் கடனாக நின்றன. இலங்கையில் அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. வேறு தோட்டத்துக்குப் போனாலும் துண்டு கூடவே போகும். 1921-இல்தான் அங்கே அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிக்கோ, தம் கீழ் வேலை செய்யும் தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வருமானம் வந்தது. மனிதரைத் தலைக்கணக்காக எண்ணுகிற தொழில் நம் சமுதாயத்தின் நினைவில் இப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆகையால் அந்தத் தகப்பனாரின் அச்சத்தை நான் குறைவாக எண்ணவில்லை.

இக்காலத்து ஆட்சேர்ப்பு ஆலோசகர் கங்காணி அல்லர். ஆனால் அவருடைய மேசையிலும் அந்தப் பழைய சோதனை உட்கார்ந்திருக்கிறது. அவருடைய வேலை நடக்கும் விதத்தைச் சற்று அறிந்துகொண்டால் இது விளங்கும்.

ஒரு நிறுவனம் தனக்கு இன்ன தகுதியுள்ள ஆள் வேண்டும் என்று அவரிடம் சொல்கிறது. அவர் நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் தேடி, தகுதியுள்ளவர்களை அழைத்துப் பேசி, இப்போதைய சம்பளம் எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு, பழைய வேலையிலிருந்து விடுபட எத்தனை நாள் ஆகும் என்றெல்லாம் விசாரித்து, சிலருடைய விவரங்களை நிறுவனத்துக்கு அனுப்புகிறார். நேர்முகத் தேர்வு முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேலையில் சேர்ந்த பிறகே ஆலோசகரின் நிறுவனத்துக்குக் கட்டணம் வரும். நம் நாட்டில் ஓராண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது பரவலாகக் காணப்படும் கணக்கு. ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஒருவர் சேர்ந்தால் ஏறத்தாழ 50,000 ரூபாய். சேர்ந்தவர் 90 நாட்களுக்குள் விலகிவிட்டால், வேறொருவரைக் கட்டணமின்றித் தேடித்தர வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. அலுவலகத்திலோ வாரந்தோறும் எத்தனை அழைப்புகள், எத்தனை விவரங்கள் அனுப்பப்பட்டன, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று இலக்கு வைத்து எண்ணுவார்கள்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். பணம் கொடுப்பது நிறுவனம். வேலை தேடுகிறவர் பணம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. ஆகவே, தொழில்முறையில் நிறுவனமே ஆலோசகரின் வாடிக்கையாளர். வேலை தேடுகிறவருடைய வாழ்க்கைதான் மாறப்போகிறது. ஆனால் அந்த மேசையில் அவர் வாடிக்கையாளர் அல்லர். காசு கொடுக்காத அந்த மனிதரை நீ எப்படி நடத்துகிறாய் என்பதில்தான் ஒரு விசுவாசியின் சோதனை தொடங்குகிறது.

இப்பொழுது பர்னபாவிடம் வருவோம். அப்போஸ்தலர் நடபடிகளில் இவரைப் போல் ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் வேறொருவர் இல்லை.

சவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவரைக் கண்டு பயந்தார்கள். அவர் உண்மையான சீஷர் என்று நம்பவில்லை. அவருடைய கடந்தகாலம் அப்படிப்பட்டது. பர்னபாவோ அவரை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனார். அங்கே அவர் சொன்னதை 9-ஆம் அதிகாரம் 27-ஆம் வசனத்தில் வாசித்துப் பாருங்கள். புகழ்ச்சி ஒன்றும் இல்லை. வழியில் சவுல் கர்த்தரைக் கண்டது, கர்த்தர் அவரோடு பேசியது, தமஸ்குவில் அவர் இயேசுவின் நாமத்தில் தைரியமாய்ப் பிரசங்கித்தது ஆகிய மூன்றையும் எடுத்துரைத்தார். நடந்தது மட்டுமே. பழைய குற்றத்தை அவர் மறைக்கவும் இல்லை. கதவு திறப்பதற்காகப் புதிய தகுதியைக் கற்பனை செய்யவும் இல்லை.

பின்னர் அந்தியோகியாவில் சபை பெருகியபோது எருசலேம் சபையார் பர்னபாவை அங்கே அனுப்பினார்கள். அந்தப் பொறுப்பைத் தாமே வைத்துக்கொண்டு பெயர் எடுத்திருக்கலாம். அவரோ, இந்த வேலைக்கு ஏற்றவர் தர்சுவில் இருக்கிறார் என்று உணர்ந்து, சவுலைத் தேடிப் புறப்பட்டார். கண்டு, அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தார். அழைத்துவந்து விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு வருஷம் முழுவதும் இருவரும் கூடவே இருந்து உபதேசித்தார்கள். அதன்பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. "பர்னபாவும் சவுலும்" என்று தொடங்கிய வரிசை, 13-ஆம் அதிகாரத்திலேயே பவுலை முன்னிறுத்துவதாக மாறுகிறது. தாம் தேடி அழைத்துவந்தவர் தம்மைவிடப் பெரியவராவதை அவர் கண்டார். அதற்காக அவர் மனம் கசந்தார் என்று வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இன்னொன்று. நான்காம் அதிகாரத்தின் முடிவில் பர்னபா நமக்கு அறிமுகமாவது எப்படி? தம் நிலத்தை விற்று அந்தப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவராக. அவருக்கு அப்போஸ்தலர் இட்ட பெயரின் பொருள், ஆறுதலின் மகன். பணத்தின் பிடி முதலில் தளர்ந்தது. பிற்பாடுதான் அவர் மனிதரைத் தேடிப் போனார். இந்த வரிசை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை.

கங்காணியும் ஆள் தேடினார். பர்னபாவும் ஆள் தேடினார். இருவரும் ஊர்விட்டு ஊர் போனார்கள். இருவரும் வார்த்தையால் மனிதரை இடம்பெயர்த்தார்கள். ஒருவர் கூட்டிவந்த ஆளின் தலையில் கடனை ஏற்றினார். மற்றவரோ, கூட்டிவந்த ஆளுக்காகத் தம் நற்பெயரைப் பிணையாக வைத்தார். வேலை ஒன்றே, பாரத்தை யார் சுமப்பது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் போகலாம். வங்கிக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போவது போலவே, ஜெபத்தோடும் ஆசீர்வாதத்தோடும் போகலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். போகிற பிள்ளைகளே, உங்களுக்கு நான்கு வேலிகளைக் காட்டுகிறேன்.

முதலாவது, வேலை தேடுகிறவரிடம் காசு வாங்காதீர்கள். பதிவுக் கட்டணம், வைப்புத்தொகை, பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரிட்டாலும் அது அதுவே. தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் உருவாக்கிய உடன்படிக்கையும் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்பதையே பொது விதியாக வைக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் பதிவுச் சான்று வேண்டும். அப்படிப் பதிவுபெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர அதிகம் பெற முடியாது. பதிவுபெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் உள்ளது. உங்கள் அலுவலகம் இதற்கு மாறாக நடந்தால் அங்கே இருக்காதீர்கள். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட இந்திய இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களையும் யாரோ ஒருவர் இனிமையாகப் பேசித்தான் அழைத்தார்.

இரண்டாவது, இரண்டு நிறைகற்களை வைத்திருக்காதீர்கள். நீதிமொழிகள் 20:10 வெவ்வேறான நிறைகற்களைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று போதிக்கிறது. உங்கள் தொழிலில் நிறைகல் என்பது வார்த்தை. இரவுப்பணி உண்டு என்பதை வேலை தேடுகிறவரிடம் மறைப்பது ஒரு கள்ள நிறைகல். நிரந்தர வேலை அல்ல, ஒப்பந்த வேலை என்பதைக் கடைசி நாள்வரை சொல்லாமல் இருப்பது இன்னொன்று. இரண்டு வருட அனுபவத்தை நான்காக மாற்றி எழுதச் சொல்லிக்கொடுப்பதும், இல்லாத வேலைக்கு விளம்பரம் போட்டு விவரங்களைச் சேர்த்துவைப்பதும் அப்படியே. "எல்லாரும் செய்கிறார்களே, ஐயா" என்பீர்கள். சந்தையில் எல்லாரும் கள்ளக் கல் வைத்திருந்த நாளில்தான் அந்த வசனம் எழுதப்பட்டது.

மூன்றாவது, தேர்ந்தெடுக்கப்படாதவருக்கும் பதில் சொல்லுங்கள். இதைச் சிறிய காரியமாக எண்ணாதீர்கள். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்துக்காரர் பதினோராம் மணி வேளையிலும் சந்தைக்குப் போனார். அங்கே நின்றவர்களிடம் ஏன் பகல் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டார். எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவர்களின் பதில். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். காத்திருந்தவர்கள். நேர்முகத் தேர்வை நன்றாகச் செய்துவிட்டு, அடுத்த அழைப்பு வரும் என்று வாரக்கணக்கில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். "இந்த முறை இல்லை தம்பி" என்ற ஒரு வரி அவனை அந்தக் காத்திருப்பிலிருந்து விடுவிக்கும். உங்களுக்கு அது ஒரு நிமிடம். குழந்தைப்பேற்றுக்குப் பின் ஐந்தாண்டு கழித்து வேலைக்குத் திரும்பும் சகோதரியும், நிறுவனம் மூடப்பட்டு 48 வயதில் வேலை தேடும் தகப்பனும் உங்கள் பட்டியலின் பதினோராம் மணிக்காரர்கள். இயந்திரம் வடிகட்டித் தள்ளிய பெயர்களை ஒருமுறையாவது உங்கள் கண்ணால் பாருங்கள். ஈசாயின் ஏழு குமாரரும் கடந்துபோன பிறகு, உன் பிள்ளைகள் இவ்வளவுதானா என்று சாமுவேல் கேட்டாரே. அந்தக் கேள்வியால் அல்லவா ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாவீது அழைத்துவரப்பட்டார்!

நான்காவது, முகதாட்சிணியம் வேண்டாம். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்தியவனுக்குப் பாதபடி ஓரமும் கொடுப்பதை யாக்கோபு கண்டித்தார். இன்று அது வேறு உருவில் வருகிறது. எந்த ஊர், யாருடைய பிள்ளை, எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துக் கேட்டுச் சாதியை அறிந்துகொள்கிற வித்தை நமக்குக் கைவந்த கலை. ஆலயத்துக்குள்ளேயே அதைப் பழகியிருக்கிறோம் என்று வெட்கத்தோடு எழுதுகிறேன். அந்தக் கேள்வியை உங்கள் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். வாடிக்கையாளர் நிறுவனமே மறைமுகமாக அதைக் கேட்டாலும், "அந்த விவரத்தை நான் சேகரிப்பதில்லை" என்று சொல்லும் துணிவைக் கர்த்தரிடம் கேளுங்கள்.

இனிப் பெரியவர்களாகிய நமக்கு.

பிள்ளை சென்னையில் இந்த வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் நாம் செய்யப்போவது எனக்குத் தெரியும். "நம் சபைப் பிள்ளைதானே, நம்ம பையனை எங்காவது சொருகிவிடு" என்று வரிசையில் நிற்போம். முந்தின நாள் அவள் வேலையைத் தரகு என்று பழித்தவர்களே மறுநாள் அந்தத் தரகைக் கேட்பது அழகல்ல. உதவி கேட்பதில் தவறில்லை. தகுதியில்லாத இடத்துக்குத் தள்ளிவிடச் சொல்வதே தவறு.

"பர்னபாவும் தமக்கு இனத்தானாகிய மாற்குவுக்காகப் பரிந்துபேசினாரே" என்று ஒருவர் என்னிடம் கேட்கக்கூடும். கேட்கட்டும், நல்ல கேள்வி. பம்பிலியாவில் தங்களை விட்டுப்போன மாற்குவை மறுபடியும் கூட்டிப்போகக் கூடாது என்றார் பவுல். பர்னபா விடவில்லை. ஆனால் மாற்குவைப் பவுலின் தலையில் கட்டிவிட்டு அவர் விலகிக்கொள்ளவும் இல்லை. தாமே அவரைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார். அவர் செய்த பரிந்துரையின் விலையை அவரே கொடுத்தார். ஆண்டுகள் கழித்து, மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்னும் கருத்தைப் பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நம் பிள்ளைக்கு ஒருவாய்ப்புக் கேட்கும்போது, அவன் தவறினால் அந்த நஷ்டத்தை நான் ஏற்கிறேன் என்று சொல்ல நாம் ஆயத்தமா? ஒநேசிமுவுக்காகப் பிலேமோனுக்கு எழுதிய பவுல் அப்படித்தான் எழுதினார்.

இங்கே என் குற்றத்தையும் அறிக்கையிட வேண்டும். இத்தனை ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ நற்சான்றுக் கடிதங்களில் கையெழுத்திட்டிருக்கிறேன். "இவரைப் பல ஆண்டுகளாக அறிவேன்" என்று எழுதியிருக்கிறேன். அவர்களில் சிலரை நான் அறிந்திருந்தது ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டுமே. கேட்டவர்களின் மனம் நோகக்கூடாது என்று செய்தேன். அதற்கு அன்பு என்று பெயரும் வைத்துக்கொண்டேன். என் முத்திரையை நம்பி எங்கோ ஒருவர் ஒரு முடிவு எடுத்தார் என்பதை நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் தொழிலைத் தரகு என்று நான் சொன்னபோது, என் மேசைமேல் அப்படிப்பட்ட இரண்டு கடிதங்கள் கையெழுத்துக்காகக் காத்திருந்தன. இனி, நற்சான்று கேட்டு வருகிறவர்கள் அரைமணி நேரம் என்னோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போக வேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறேன். நான் அறிந்ததை மட்டுமே எழுதுவேன். சிலருக்கு இது வருத்தமாயிருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, இன்னும் ஒரு வார்த்தை. பெருநகரத்துக்குப் போன பிள்ளையிடம் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தை விசாரிக்கிறோம். ஊக்கத்தொகை வந்ததா என்றும் கேட்கிறோம். இந்தத் தொழிலில் ஊக்கத்தொகை வருவது ஆட்களைச் சேர்த்த எண்ணிக்கையால். நாம் தொகையை மட்டும் கேட்டால், தலைகளை எண்ணும்படி நாமே அவளைப் பழக்குகிறோம். "இந்த மாதம் யாருக்கு வேலை கிடைத்தது மகளே? அவர் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பெயர்களுக்காகக் குடும்ப ஜெபத்தில் ஜெபியுங்கள். எண்ணிக்கை மறுபடியும் மனிதராகும்.

அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். சென்ற வாரம் அவள் இரவு ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டாள்; தகப்பனாரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். ரயில் கிளம்புமுன் அவர் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "யாருக்கும் பொய் சொல்லிடாதே, கண்ணு. வேலை போனாலும் வீட்டுக்கு வந்துடலாம்." நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவர் இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

ஜெபிப்போம்: எங்களைப் பேர்சொல்லி அழைத்த ஆண்டவரே, பிறரை வேலைக்கு அழைக்கும் பொறுப்பில் இருக்கும் எங்கள் பிள்ளைகளின் நாவைக் காத்தருளும். சந்தையில் இன்னும் அழைக்கப்படாமல் நிற்கிறவர்களை அவர்கள் கண்கள் காணட்டும். அவர்களை அனுப்புகிற எங்களுக்கும் உண்மையுள்ள இருதயத்தைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்